பைபிள் உறைக்குள் ஒரு பம்பு

எனக்கு வீசிங் குணமாகிவிட்டது என்று நான் மைக் பிடித்துச் சாட்சி சொன்ன சபைகள் மொத்தம் ஏழு. அதில் ஐந்து இடங்களில், பேசுவதற்கு முன்னால் கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்தின் மறைவில் இரண்டு தடவை பம்பு அடித்துக்கொண்டுதான் மேடையேறினேன். பம்பு என்றால் வாயில் வைத்து அழுத்தியதும் மருந்து உள்ளே போகுமே, அந்த நீல நிற இன்ஹேலர். எங்கள் தெருவில் எல்லோருக்கும் அது பம்புதான்.

இப்போது சொல்லும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை. சிரித்தால் மூச்சு இரைக்கும் என்பதும் ஒரு காரணம்.

விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டையை ஒட்டிய தெருவில் எங்கள் வீடு. அப்பா ஒரு கம்பெனியில் சூளைக்குச் சரக்கு அடுக்குகிற வேலை பார்த்தார். வருஷம் முழுக்க ஃபியூஸ் கட்டை, சீசன் வந்தால் பிள்ளையார், கொலு பொம்மை, கார்த்திகை பிறந்தால் கிறிஸ்துமஸ் குடிலுக்கு ஆடு, மாடு, குழந்தை இயேசு. "எல்லாம் ஒரே சூட்டுலதான் வேவுது" என்று அப்பா சிரிப்பார். அம்மாவுக்கு அந்தச் சிரிப்பு ஆகாது. சபையில் யாராவது அப்பாவின் வேலையைப் பற்றிக் கேட்டால், "கரண்ட் சாமான் பண்ற கம்பெனிங்க" என்று அம்மா முந்திக்கொண்டு சொல்லிவிடுவாள். அதில் பொய் எதுவும் இல்லை. பிள்ளையார் மட்டும் விட்டுப்போகும். பொய் சொல்லக்கூடாது, அதற்காக எல்லாவற்றையும் சொல்லிவிடவும் கூடாது என்பது எங்கள் வீட்டில் யாரும் சொல்லிக்கொடுக்காமலே நான் கற்றுக்கொண்ட பாடம்.

எங்கள் சபையின் வாலிபர் கூட்டம் சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு. இருபது பேர் வருவோம். எல்லோரும் பிறந்ததிலிருந்தே கிறிஸ்தவர்கள். தொட்டிலிலேயே ஸ்தோத்திரம் சொல்லப் பழகியவர்கள். காலர் ட்யூன் பக்திப் பாட்டாக இருக்கும், காதில் மாட்டியிருக்கிற இயர்போனில் சினிமாப் பாட்டு ஓடும். பெண்கள் காலேஜ் பஸ் ஏறியதும் ஸ்டிக்கர் பொட்டு வைத்துக்கொள்வோம், இறங்குவதற்கு முன்னால் எடுத்து போன் கவரின் உட்புறம் ஒட்டிவைப்போம். வெள்ளிக்கிழமை வாலிபர் உபவாசம். டீ குடித்தால் உபவாசம் முறியாது என்று முதல் மாதம் முடிவானது. பஜ்ஜியில் மாவைவிட எண்ணெய்தான் அதிகம், எண்ணெய் திரவம்தானே என்று ஒருவன் வாதாடியது மூன்றாவது மாதம். அவன் இப்போது வக்கீலுக்குப் படிக்கிறான் என்று கேள்வி.

எங்களில் யாரும் கெட்ட பிள்ளைகள் இல்லை. பெரியவர்கள் முன்னால் எப்படி நிற்க வேண்டும் என்று நன்றாகப் பழகியிருந்தோம். வீட்டிலும் சபையிலும் எங்களுக்குக் கிடைத்த பாராட்டெல்லாம் அப்படி நின்றதற்காகக் கிடைத்ததுதான். பிறகு எப்படி விடுவோம்?

நான் காலேஜில் இரண்டாம் வருஷம் முடித்திருந்த மே மாதம், கடலூர்ப் பக்கம் கடற்கரையை ஒட்டிய ஒரு சவுக்குத் தோப்பில் மூன்று நாள் வாலிபர் முகாம் நடந்தது. வெளியூரிலிருந்து ஒரு பிரசங்கியார் வந்திருந்தார். மூன்றாம் நாள் ஜெபத்தில், "மூச்சுக் கோளாறோட இங்க ஒருத்தர் இருக்கீங்க, எழும்பி வாங்க" என்றார். ஐந்து வயதிலிருந்து எனக்கு வீசிங் என்பது எங்கள் சபையில் எல்லோருக்கும் தெரியும். அத்தனை பேரும் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்கள். எழுந்து போனேன். தலையில் கைவைத்து ஜெபித்துவிட்டு, "சுகமா?" என்று கேட்டார். மூச்சை இழுத்துப் பார்த்தேன். நெஞ்சில் ஒரு கீச்சுச் சத்தம்கூட இல்லை. "சுகம்" என்றேன். பம்பைக் குப்பைத் தொட்டியில் போட்டேன். கை தட்டினார்கள். ஒருத்தி அதை வீடியோ எடுத்தாள்.

அன்றைக்கு நான் பொய் சொல்லவில்லை. இதை யார் கேட்டாலும் இன்றும் சொல்வேன். மூன்று நாளாகப் பீங்கான் மண் தூசி இல்லாத கடல் காற்றில் இருந்ததால் நெஞ்சு விட்டிருக்கலாம். அல்லது கடவுளே மூன்று நாள் கொடுத்திருக்கலாம். எனக்குத் தெரியாது. ஊருக்கு வந்து ஒன்பதாம் நாள், அப்பா கழற்றிப் போட்ட சட்டையை எடுத்து உதறியபோது திரும்பவும் இழுக்க ஆரம்பித்தது.

அதற்குள் அந்த வீடியோ எத்தனையோ வாட்ஸ்அப் குரூப்பில் சுற்றிவிட்டது. எங்கள் போதகர் சந்தோஷத்தில் எனக்கு மூன்று சபைகளில் சாட்சிக்குத் தேதி வாங்கிவிட்டார். உள்ளூர் மருந்துக்கடைக்குப் போனால் யாராவது பார்ப்பார்கள் என்று பஸ் பிடித்து மங்கலம்பேட்டைக்குப் போய் ஒரு புதுப் பம்பு வாங்கினேன். கடைக்கார பாய் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தூசில போகாதம்மா" என்று மட்டும் சொன்னார். முன்பின் தெரியாத அந்த மனுஷரிடம்தான் அந்த ஆறேழு மாதமும் நான் நோயாளியாக இருக்க முடிந்தது.

சாட்சி சொல்வது எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாட்டுக் குழுவில் கடைசி வரிசையில் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தவள் நான். சேத்தியாத்தோப்பில் பேசியபோது முன்வரிசையில் ஒரு அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். கருவேப்பிலங்குறிச்சியில் சாட்சி முடிந்ததும் பெண்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டேன் என்றார்கள். பேசப் பேசக் கதை வளர்ந்தது. கடைசி இரண்டு சபைகளில் முகாமில் என் நெஞ்சுக்குள் சூடாக எதுவோ இறங்கியது என்றுகூடச் சொன்னேன். எதுவும் இறங்கவில்லை. கேட்பவர்கள் எதிர்பார்த்தார்கள், கொடுத்துவிட்டேன்.

பம்பை ஒளித்துவைக்க எனக்குக் கிடைத்த இடம் பைபிள் உறை. முந்தைய கிறிஸ்துமஸுக்கு வாலிபர் எல்லோருக்கும் சபையில் ஒரே மாதிரிக் கறுப்பு உறை பரிசாகக் கொடுத்திருந்தார்கள். மேலே தங்கநிறச் சிலுவை, சுற்றி ஜிப், உள்ளே பேனா வைக்க ஒரு பை. அந்தப் பேனாப் பையில் பம்பு கச்சிதமாக உட்கார்ந்தது. என் கைப்பையை அம்மா துழாவுவாள், தோழிகள் துழாவுவார்கள். பைபிள் உறையை யார் திறந்து பார்க்கப்போகிறார்கள்?

அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. தீர்ந்துபோன ஒரு பம்பைக் காகிதத்தில் சுற்றிக் குப்பைக் கூடையில் போட்டிருந்தேன். மறுநாள் காலையில் அம்மா அதை எடுத்து, பால் கவரில் போட்டு முடிச்சிட்டு, மெயின் ரோட்டுக் குப்பைத் தொட்டிக்குக் கொண்டுபோவதைப் பார்த்தேன். நான் பார்த்ததை அவளும் பார்த்தாள். "குப்ப வண்டிக்காரன் பிரிச்சிப் பாப்பான்" என்றாள். அதைப் பற்றி எனக்கும் அம்மாவுக்கும் நடந்த பேச்சு அவ்வளவுதான்.

இப்படியே போயிருந்தால் இது ஒரு வேடிக்கைக் கதையாகவே முடிந்திருக்கும். கார்த்திகை மாதக் குளிரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது, எங்கள் சபை அக்கா ஒருவர் என் கையைப் பிடித்தார். பொம்மைக்கு வர்ணம் அடிக்கிற கம்பெனியில் அவருக்கு வேலை. கணவர் வளைகுடாவில். ஆறு வயதில் ஒரே பெண் குழந்தை. அந்தக் குழந்தைக்கும் என்னைப் போலவே வீசிங்.

"தங்கச்சி, ஒன் சாட்சியக் கேட்டதுலேர்ந்து என் மனசுல ஒரே போராட்டம். போன மாசம் தைரியம் வந்துடுச்சி. குட்டியோட பம்ப எடுத்துக் குப்பையில போட்டுட்டேன். மாத்திரையும் நிறுத்திட்டேன். இருவது நாளாச்சி, ஒண்ணும் இல்ல. கர்த்தர் பெரியவரு."

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரே வரி. என் உறைக்குள் பம்பு இருக்கிறது அக்கா, உடனே போய் வாங்குங்கள் என்று. நான் சொன்னது, "ஸ்தோத்திரம்க்கா."

வீட்டுக்கு வந்தேன். அந்தக் குழந்தை என் கண்முன்னாலேயே நின்றாள். இழுப்பு வந்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். காற்று வெளியே நிறைய இருக்கும், உள்ளே வராது. ஆறு வயதில் அதைச் சொல்லத் தெரியாது. கையில் பம்பு இல்லாத ஒருநாள் அவளுக்கு அப்படி வந்தால், அதற்குக் காரணம் நான்தான்.

புதன்கிழமை காலேஜ் விட்டதும் நேராக அந்த அக்கா வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று தீர்மானம். குழந்தை வாசலில் உட்கார்ந்து உடைந்த பீங்கான் ஆட்டுக்குட்டிக்குக் கலர் பென்சில் தீட்டிக்கொண்டிருந்தாள். தீட்டுகிறபோதே இருமினாள். கழுத்துக் குழி இலேசாக உள்ளே போய்ப் போய் வந்தது. மற்றவர்கள் கண்ணுக்கு அது படாது. எனக்குப் பட்டது.

"அக்கா, ஒரு தடவ டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துடலாமே" என்றேன்.

"நீ காட்னியா?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. நான் செய்ததை அப்படியே செய்யவேண்டும் என்பதற்காக உண்மையாகவே கேட்டார்.

வாசலில் உருண்டு கிடந்த கலர் பென்சில்களைப் பொறுக்கி அடுக்கினேன். அக்கா டீ கொடுத்தார். குழந்தை தலையில் கைவைத்து ஜெபிக்கச் சொன்னார். ஜெபித்தேன். வாய் பழகிய வார்த்தைகளைச் சொல்லிக்கொண்டிருந்தது. மனசுக்குள்ளே, எனக்கு தைரியம் வரும்வரை இந்தக் குழந்தைக்கு ஒன்றும் ஆகாமல் பார்த்துக்கொள் ஆண்டவரே என்று கெஞ்சினேன். எனக்குத் தெரிந்து என் வாழ்க்கையில் நான் செய்த கோழைத்தனமான ஜெபம் அதுதான். அந்தச் சபைகளில் சொன்ன பொய்களைக்கூட மன்னித்துக்கொள்வேன், அந்தப் புதன்கிழமையை மன்னிக்க எனக்கு நாளாயிற்று.

சனிக்கிழமை வாலிபர் கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்து, மூச்சு கனமாக இருக்கவே, குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு பைபிள் உறையின் ஜிப்பை இழுத்தேன். பேனாப் பையில் பம்பு இல்லை. நான்காக மடித்த ஒரு காகிதம் இருந்தது. பிரித்தால் பாலிடெக்னிக் தேர்வுக்கான ஹால் டிக்கெட். எங்கள் வாலிபர் சங்கச் செயலாளர் அண்ணனுடையது. அவர்தான் சபையில் கீபோர்டு வாசிப்பவர். தோற்றுப்போயிருந்த எல்லா அரியர் பேப்பரையும் கர்த்தர் ஒரே மூச்சில் பாஸ் பண்ண வைத்தார் என்று ஆடி மாதம் சாட்சி சொல்லியிருந்தார், சபையே எழுந்து நின்று கை தட்டியிருந்தது. ஹால் டிக்கெட்டில் இரண்டு அரியர் பேப்பர் அச்சாகியிருந்தது.

ஒரே மாதிரி உறை. வாலிபர் கூட்டத்தில் பாய் மேல் அடுக்கி வைத்ததில் மாற்றி எடுத்திருக்கிறோம். அப்படியென்றால் என் பம்பு அவர் வீட்டில்.

வாட்ஸ்அப்பைத் திறந்தேன். அவர் ஆன்லைனில் இருந்தார். நானும் இருந்தேன். "டைப்பிங்" என்று வரும், நின்றுவிடும். நானும் எதையோ அடித்து அழித்தேன். கால் மணி நேரம் இரண்டு விசுவாசிகள் இப்படியே உட்கார்ந்திருந்தோம். கடைசியில் அவரிடமிருந்து கைகூப்பிய பொம்மை ஒன்று வந்தது. நானும் ஒன்று அனுப்பினேன். நாளைக்குச் சத்தமில்லாமல் மாற்றிக்கொள்ளலாம் என்று அதற்கு அர்த்தம். அன்று ராத்திரி பம்பு இல்லாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினேன்.

மாற்றிக்கொள்ள முடியவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது அவர் கீபோர்டு முன்னால் உட்கார்ந்துவிட்டார். ஆராதனை தொடங்கிவிட்டது. ஆண்கள் பக்கம் அவர், பெண்கள் பக்கம் நான், நடுவில் நடைபாதை. என் பைபிள் அவர் காலடியில்.

கிறிஸ்துமஸ் நெருங்கிவிட்டதால் அன்றைக்குத்தான் குடில் போட ஆரம்பித்திருந்தார்கள். முன்னால் ஒரு மூலையில் புது வைக்கோல் பரப்பி, போன வருஷத்துப் பொம்மைகளைப் பெட்டியிலிருந்து எடுத்து அடுக்கியிருந்தார்கள். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் நாலைந்து பேர் அந்த வைக்கோலிலேயே உட்கார்ந்து மாட்டையும் ஆட்டையும் மாற்றி மாற்றி வைத்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். அதில் அந்தக் குழந்தையும் ஒருத்தி. வைக்கோல் தூசி எனக்கே தொண்டையில் அரித்தது.

சாட்சி நேரம் வந்தது. அக்கா எழுந்து மைக்கை வாங்கினார். "என் மகளுக்கு மூச்சுத் தொந்தரவு. நம்ம சபைத் தங்கச்சி ஒருத்தி சாட்சி சொன்னத கேட்டுட்டு நான் மருந்தெல்லாம் நிறுத்திட்டேன்..." எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். நான் குழந்தையைப் பார்த்தேன். அவள் கையிலிருந்த ஆட்டைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையையும் தரையில் ஊன்றி, தோளைத் தூக்கித் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தாள். வாய் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை. கத்த முடிகிற வரைக்கும் பயமில்லை, சத்தம் நின்றால்தான் பயம்.

நான் எழுந்து ஓடினேன். அக்காவும் அப்போதுதான் பார்த்து மைக்கைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். குழந்தையைத் தூக்கி மடியில் வைத்தோம். உதடு வெளுத்திருந்தது. பெண்கள் சுற்றிக்கொண்டு சத்தமாக ஜெபிக்கத் தொடங்கினார்கள். யாரோ எண்ணெய் கொண்டுவரச் சொன்னார்கள்.

"அக்கா, பம்பு வேணும்" என்றேன்.

"வேணாம், வேணாம். இது சோதன. இப்ப விட்டுட்டா எல்லாம் போயிடும். நீ சொல்லு, நீ எப்டித் தாண்டி வந்த, அதச் சொல்லு" என்று அக்கா அழுதுகொண்டே என் தோளை உலுக்கினார்.

"நான் தாண்டி வரலக்கா! எனக்குச் சொகமே ஆகல. இப்பயும் அடிச்சிக்கிட்டுதான் இருக்கேன். நான் சொன்னதெல்லாம் பொய்க்கா!"

ஜெபம் நின்றுவிட்டது. கீழே கிடந்த மைக் எல்லாவற்றையும் எடுத்துக் கடைசி வரிசைவரை கொண்டுபோயிருக்கிறது என்று பிறகுதான் தெரிந்தது. எனக்கு அதுவும் போதவில்லை. ஆண்கள் பக்கம் திரும்பி, "அண்ணா, என் பைபிள்! அதுல பம்பு இருக்குது!" என்று கத்தினேன்.

அவர் ஏற்கெனவே ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தார். கீபோர்டு ஸ்டாண்டு சாய, நடைபாதையைத் தாண்டி, பெண்கள் ஜமக்காளத்தில் ஓடிவந்து என் கையில் வைத்தார். குலுக்கி, குழந்தையின் வாயில் வைத்து, "குட்டி, இழு" என்றேன். அக்கா என் கையைத் தட்டிவிடவில்லை. குழந்தைக்குப் பழகிய பொருள், உதட்டைக் குவித்துப் பிடித்துக்கொண்டாள். ஒன்று. இரண்டு. மூன்று. கொஞ்சம் பொறுத்து நான்கு. பிறகு அந்தக் கீச்சுச் சத்தம் வந்தது. இழுப்புச் சத்தத்தைக் கேட்டு என் வாழ்க்கையில் சந்தோஷப்பட்டது அந்த ஒரு தடவைதான். காற்று போகிறது என்று அர்த்தம்.

ஆட்டோவில் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். அக்கா, குழந்தை, நான். போகிற வழியெல்லாம் அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. அங்கே மூக்கில் மாஸ்க் வைத்துப் புகை மருந்து கொடுத்தார்கள். அரைமணி நேரத்தில் குழந்தை முகம் தெளிந்து, மாஸ்க்குக்குள்ளிருந்தே பிஸ்கட் கேட்டாள்.

நர்ஸ் சீட்டில் எழுதிக்கொண்டே, "பம்பு இருக்குற கொழந்ததான? ஏம்மா நிறுத்துனீங்க?" என்று கேட்டார்.

அக்கா முதல் தடவையாக என்னைப் பார்த்தார். பிறகு நர்ஸிடம், "தீந்து போச்சுங்க. வாங்க மறந்துட்டேன்" என்றார்.

எனக்குத் தாங்கவில்லை. என்மேல் அவ்வளவு கோபத்தோடு இருக்கிறவர், எனக்காகவும் சபைக்காகவும் இன்னொரு பொய்யை எடுத்துத் தன் தலையில் போட்டுக்கொள்கிறார். சபையில் நான் கத்தியது பயத்தில் வந்தது. இங்கே யாரும் என்னைக் கேட்கவில்லை, வாயை மூடிக்கொண்டு நின்றால் தப்பித்துவிடலாம்.

"இல்லீங்க சிஸ்டர்" என்றேன். "எனக்கும் வீசிங்கு. குணமாயிடுச்சின்னு ஊரெல்லாம் பொய் சொன்னேன். அத நம்பிதான் நிறுத்திட்டாங்க."

நர்ஸ் பேனாவை வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இந்த வயசுல என்னா வாயி ஒனக்கு" என்றார். வார்டுக்கு வெளியே வந்ததும் அக்கா என் கன்னத்தில் ஒன்று விட்டார். "எம் பொண்ணு போயிருந்தா என்னாடி பண்ணியிருப்ப?" என்று கேட்டுவிட்டு, என் தோளிலேயே சாய்ந்து அழுதார். எனக்கும் அழுகை வந்தது. ஆனால் உண்மையைச் சொன்னால், கன்னம் எரிய எரிய, உள்ளே ஒரே நிம்மதி. ஏழு மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கியிருந்தது. மூன்றாம் நாள் சவுக்குத் தோப்பில் மூச்சு விட்டது போல மூச்சு விட்டேன். இந்தத் தடவை நெஞ்சுக்குள் உண்மையாகவே சூடாக இருந்தது. அதை யாரிடமும் சாட்சியாகச் சொல்லவில்லை.

வீட்டில் அம்மா இரண்டு நாள் பேசவில்லை. "அத்தன பேரு முன்னால சொல்லணுமா? தனியாக் கூப்ட்டுச் சொல்லியிருக்கலாமில்ல" என்று மூன்றாம் நாள் ஆரம்பித்தாள். "தனியாச் சொல்ல புதன்கெழமையே போனம்மா, சொல்ல வரல" என்றேன். அப்பா சாப்பிட்டுக்கொண்டே, "அப்ப இனிமே நா பிள்ளையாரு அடுக்குறத சபையில சொல்லிக்கலாமா?" என்று கேட்டார். அம்மா சிரிக்கவில்லை. நான் சிரித்துச் சிரித்து இருமி, கூடத்தில் எல்லோர் முன்னாலும் பம்பு அடித்தேன்.

அடுத்த சனிக்கிழமை வாலிபர் கூட்டத்துக்குப் போகக் கால் வரவில்லை. என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றுவிடும் என்று நினைத்தேன். போனேன், நின்றதுதான். செயலாளர் அண்ணன் எழுந்து, தன் ஹால் டிக்கெட்டைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, "எனக்கு ரெண்டு அரியர் இருக்குது. ஜெபம் பண்ணுங்க. யாருக்காவது கணக்கு நல்லா வரும்னா சொல்லியும் குடுங்க" என்றார். பிறகு பஜ்ஜிக்கு வாதாடியவன், "எனக்கு வெள்ளிக்கிழம பசி தாங்கல" என்றான். அவ்வளவுதான், கூட்டம் உடைந்துவிட்டது. ஒருத்தி போன் கவரைக் கழற்றி, உள்ளே ஒட்டியிருந்த ஏழெட்டுப் பொட்டைக் காட்டினாள். அன்றைக்கு நாங்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டிலிருந்து வந்து எட்டிப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு நாங்கள் எல்லோரும் பரிசுத்தவான்களாகிவிடவில்லை. உபவாசத்தை மட்டும் மதியம் வரை என்று மாற்றினோம், மதியம் வரை ஒழுங்காக இருந்தோம்.

போதகர் என்னைத் திட்டவில்லை. அவரும் முகம் கொடுத்துப் பேசச் சங்கடப்பட்டார், அந்தத் தேதிகளை வாங்கியவர் அவர்தானே. ஏழு சபைகளுக்கும் போய்த் திருப்பிச் சொல்கிறேன் என்று கேட்டேன். நான்கு சபைகளில் அனுமதித்தார்கள். கருவேப்பிலங்குறிச்சியில் ஒருவர், "மொதல்ல சொன்னத நம்புனோம், இப்ப சொல்றத எப்டிமா நம்புறது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பம்பை எடுத்துக் காட்டினேன். மற்ற மூன்று சபைகளில் வேண்டாம், விசுவாசிகள் இடறிப்போவார்கள் என்றுவிட்டார்கள். அங்கேயெல்லாம் இன்றுவரை எனக்கு வீசிங் இல்லை. அதை நினைத்தால்தான் இன்னமும் கொஞ்சம் உறுத்துகிறது. அந்த மூன்று இடங்களில் எவர் வீட்டிலாவது ஒரு பம்பு குப்பைக்குப் போயிருக்குமோ என்று தெரியவில்லை. அந்தப் பக்கம் யாரைப் பார்த்தாலும் வீசிங் பற்றி நானாகவே பேச்சை எடுக்கிறேன்.

இன்றும் நான் சபைக்குப் போகிறேன். ஜெபமும் பண்ணுகிறேன், பம்பும் அடிக்கிறேன். இரண்டும் ஒன்றையொன்று தொந்தரவு செய்ததில்லை.

அந்த வருஷக் கிறிஸ்துமஸ் ஆராதனையில் அக்கா தானாகவே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். நாங்கள் அதுவரை முழுசாகப் பேச ஆரம்பிக்கவில்லை. அட்டைச் சிறகு கட்டிக்கொண்டு தேவதூதர் வரிசையில் நின்றிருந்த குழந்தை, போதகர் ஜெபிக்க ஆரம்பித்ததும் வரிசையை விட்டு இறங்கி எங்களிடம் வந்தாள். அம்மாவின் பையைத் திறந்து, தன் பம்பை எடுத்து, குலுக்கி, புஸ்ஸென்று அழுத்தி இழுத்துக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்தாள். வைக்கோல் தூசியில் எனக்கும் இலேசாக இழுத்துக்கொண்டிருந்தது அவள் காதுக்குக் கேட்டிருக்க வேண்டும். என் காதில் வாயை வைத்து, "அக்கா, நீயும் அடிச்சிக்கோ. எல்லாரும் கண்ண மூடியிருக்காங்க, யாரும் பாக்க மாட்டாங்க" என்றாள்.

ஆறு வயதில் அதற்குள் கற்றுக்கொண்டுவிட்டாள். யாரைப் பார்த்துக் கற்றுக்கொண்டாள் என்றும் தெரியும். பம்பை வெளியே எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அவள் கையைப் பிடித்து, "இரு குட்டி" என்றேன். போதகரின் ஜெபம் அன்றைக்கு நீளம். இரண்டு பேரும் காத்திருந்தோம். ஆமென் சொல்லி எல்லோரும் கண்ணைத் திறந்த பிறகு அடித்துக்கொண்டேன்.